அன்புள்ள திரு. கலியபெருமாள்

“செந்தாமரைன்னு பேரு போட்டு அனுப்புனா எவன்டி தொறந்து பாப்பான்?”

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், கூட வேலை பார்த்த அக்கா என்னைக் கேட்டது இது. என்மேல் இருந்த அக்கறையில்தான் கேட்டாள். கேலியாகக் கேட்டிருந்தால் ஒரு பதில் சொல்லிவிட்டுப் போயிருப்பேன். அக்கறையாக இருந்ததால் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு மின்னஞ்சல் முகவரி கொடுப்பார்கள். அதற்கான படிவத்தில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். நமக்குக் கடைசிப் பெயர் ஏது? இருப்பது ஒரு இனிஷியல். ஹெச்.ஆரில் இருந்தவர்கள் அந்த இனிஷியலை விரித்து அப்பா பெயரை முதல் கட்டத்தில் போட்டு, என் பெயரை இரண்டாவதில் தள்ளிவிட்டார்கள். அ. செந்தாமரை என்று பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கியவள், வேலைக்கு வந்த அன்று அய்யனார் ஆகிவிட்டேன். மூன்று தடவை போய் நின்று அதை மாற்ற வைத்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். ஏம்பலத்தில் அப்பா கொத்தனாருக்குக் கலவை போடுகிறவர். அம்மா நடவு, களை, நூறு நாள் வேலை என்று கிடைத்ததற்கெல்லாம் போகிறவள். எங்கள் குடும்பத்தில் சொந்தக் கையால் எழுதப்பட்ட முதல் பெயர் என்னுடையது. அதை ஒரு படிவம் விழுங்க விடுவேனா?

அக்காவுக்கு என் பிடிவாதம் விளங்கவில்லை. அவள் அங்கே ஆறு வருஷமாக இருந்தாள். அவள் முகவரியிலும் அதே தப்பு நடந்திருந்தது. அவள் மாற்றச் சொல்லிக் கேட்கவே இல்லை. கலியபெருமாள் என்பது அவள் அப்பாவின் பெயர். வெளிநாட்டுக்காரர்களுக்கு அவள்தான் கலியபெருமாள்.

எங்கள் கம்பெனி வில்லியனூரைத் தாண்டி விழுப்புரம் போகிற ரோட்டில், ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெளிநாட்டுக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களைத் திருடர்கள் தொடாமல் இங்கிருந்தே காவல் காப்பதுதான் தொழில். ஊரில் கேட்டவர்களிடம் செக்யூரிட்டி கம்பெனி என்று சொன்னேன். பக்கத்து வீட்டு அத்தை, “பொம்பளப் புள்ளைக்கும் விசில் குடுப்பாங்களா?” என்று கேட்டது.

கீழ்த்தளத்தில் நாங்கள். திரையில் வரும் எச்சரிக்கைகளைப் பார்த்து, இது சும்மா, இது சந்தேகம் என்று பிரித்துப் போடுவது எங்கள் வேலை. மேல்மாடியில், அந்தக் கம்ப்யூட்டர்களில் திருடன் நுழையக்கூடிய ஓட்டைகளைத் தேடுகிறவர்கள். திருடன் கண்டுபிடிப்பதற்கு முன்னால் கண்டுபிடித்து, அந்தந்தக் கம்பெனிக்கு எழுதி அடைக்கச் சொல்வது அவர்கள் வேலை. மரியாதையும் சம்பளமும் மேல்மாடியில்தான். அங்கே ஒரு பெண் கூடக் கிடையாது. மேல்மாடிக்காரர்கள் இரவு ஷிப்டும் பார்க்க வேண்டுமாம், பெண்களை இரவில் வைத்துக்கொண்டால் பாதுகாப்பு இல்லையாம். இதைச் சொன்னது ஒரு பாதுகாப்புக் கம்பெனி. சேர்ந்த அன்று சிரிப்பு வந்தது. ஆறு மாதத்தில் சிரிப்பு போய்விட்டது.

அக்காவின் மேஜை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. மேலேயும் சேராமல் கீழேயும் சேராமல். மேல்மாடிக்காரர்கள் கண்டதை நல்ல இங்கிலீஷில் எழுதி வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவது அவள் வேலை என்று பெயர். உண்மையில் அவள் அதை அப்படியே எழுதமாட்டாள். முதலில் தானே சோதித்துப் பார்ப்பாள். பாதி தப்பாக இருக்கும். திருத்துவாள். அப்படிச் சோதிக்கும்போதே அவர்கள் பார்க்காத வேறு இரண்டு ஓட்டைகள் அவள் கண்ணில் படும். அதையும் சேர்த்து எழுதி, மேலே இருக்கும் எவனாவது ஒருவன் கணக்கில் போட்டு அனுப்பிவிடுவாள். அந்தக் கட்டடத்திலேயே நல்ல ஓட்டைக்காரி அவள்தான். இது டீம் லீடுக்குத் தெரியும். மேல்மாடிக்கும் தெரியும். யாருக்கும் அதனால் சங்கடம் இல்லை.

கலியபெருமாள் ஆன கதையை அவளே பஸ்ஸில் சொன்னாள். அவள் குடியிருந்தது கரிக்கலாம்பாக்கத்தில். நான் ஏம்பலம் போகிற வரைக்கும் பாதி வழி ஒன்றாகப் போவோம். சேர்ந்த புதிதில் ஒரு ஜெர்மன் கம்பெனிக்குக் கடிதம் எழுதி, கீழே தன் பெயரைப் போட்டாளாம். பதில் அவளுக்கு வரவில்லை. டீம் லீடுக்கு வந்தது: விஷயம் தெரிந்த ஆள் ஒருவரை வைத்து இதை உறுதி செய்யவும். இரண்டு வாரம் அந்த ஓட்டை திறந்தே கிடந்தது. அடுத்த கடிதத்தில் கீழே பெயர் போட மறந்துவிட்டாள். முகவரியில் இருந்த கலியபெருமாள் மட்டும் போயிற்று. ஒரு மணி நேரத்தில் பதில்: அன்புள்ள திரு. கலியபெருமாள், மிக்க நன்றி, உடனே சரி செய்கிறோம்.

அதைச் சொல்லிவிட்டு அவள் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். “எங்கப்பா கைநாட்டுடி. திருக்கனூர் பக்கம் கரும்பு வெட்டிக்கினு இருந்தவரு. நான் காலேஜு படிக்கசொல்லவே செத்துட்டாரு. அவருக்கு ஜெர்மன்காரன் நன்றி சொல்றான்.”

நான் சிரிக்கவில்லை. உங்கள் வேலைக்கு உங்கள் பெயர் வேண்டாமா என்று கேட்டேன்.

“ஓட்ட அடஞ்சா சரி. யாரு பேர்ல அடஞ்சா இன்னா?”

இதை அவள் வாயால் எத்தனை முறை கேட்டிருப்பேனோ தெரியாது. சாமி பெயர் மாதிரி சொல்வாள்.

அலுவலகத்தில் மட்டும் அவள் இப்படி என்று நினைத்திருந்தேன். ஒருநாள் மழைக்கு அவள் வீட்டில் இறங்கினேன். நெல் விளைந்த இடத்தில் மனைக்கல் நட்டு விற்றிருந்தார்கள். சுற்றிலும் காலி மனை, நடுவில் நாலைந்து வீடு. அதில் ஒன்றில் அவளும் அவள் அம்மாவும். வாசலில் ஒன்பதாம் நம்பர் ஆண் செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. கொடியில் ஒரு கட்டம் போட்ட சட்டை. யாரோ வந்திருக்கிறார்கள் என்று தயங்கி நின்றேன். உள்ளே யாரும் இல்லை. கடையில் வாங்கி வைத்திருக்கிறாள். சட்டையை வாரம் ஒருமுறை துவைத்துக் காயப் போடுவாளாம். செருப்பைப் போட்டுக்கொண்டுதான் செடிக்குத் தண்ணீர் விடுவாளாம்.

“தேயாத செருப்ப எவனும் நம்ப மாட்டான்டி” என்றாள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. திருடன் வந்தால் அவன் கையில் சிக்குவதற்கென்றே ஒரு போலிக் கம்ப்யூட்டரை முன்னால் வைப்போம். அவன் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும்போது உண்மையானது பின்னால் பத்திரமாக இருக்கும். அக்கா அதை வாழ்க்கைக்கே செய்து வைத்திருந்தாள். சமையல் கேஸ் புத்தகத்தில் கலியபெருமாள். பார்சல் கொண்டுவருகிறவனுக்குக் கலியபெருமாள். வீட்டை வாடகைக்கு விட்டவரிடம் பேசும்போது, ‘அண்ணன் கிட்ட கேட்டுச் சொல்றேன்’ என்பாள். அவளுக்கு அண்ணன் கிடையாது.

சரி, அதில் பலனும் இருந்தது. அதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் காலேஜுக்குப் போகிற பெண் ஒருத்தியின் படத்தை எடுத்து எவனோ ஒரு போலிக் கணக்கு தொடங்கி, கண்டதை எழுதி வைத்திருந்தான். அந்த இணையதளத்துக்கு அவள் நாலு முறை புகார் எழுதியும் எந்த அசைவும் இல்லை. வீட்டில் படிப்பை நிறுத்துவதாகப் பேச்சு. நான் அவளை அக்காவிடம் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா அந்தக் கணக்கு எங்கிருந்து திறக்கப்படுகிறது என்பதை அரை நாளில் பிடித்துவிட்டாள். பிடித்ததும், அந்தப் பெண்ணின் அண்ணன் கலியபெருமாள் என்று அவனுக்கே ஒரு கடிதம் எழுதினாள். பாகூர் பக்கத்தில் உன் வீடு எது என்று எனக்குத் தெரியும், சாயங்காலத்துக்குள் எடு. இரண்டு மணிக்கே எடுத்துவிட்டான்.

“பொண்ணு எழுதுனா, நீ ஏன் போட்டோ போட்டன்னு கேப்பானுங்க. அண்ணன் எழுதுனா ஒண்ணுக்குப் போய்டுவானுங்க” என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாள். அந்தப் பெண் அழுதுகொண்டே சிரித்தாள். இன்றைக்கும் அவள் படிக்கிறாள். அன்றைக்கு அக்காவை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் திரும்பி வரும்போது அந்தப் பெண் கேட்டாள், எனக்கு நிஜமாகவே அண்ணன் இல்லையே, நாளைக்கு அவன் விசாரித்துத் தெரிந்துகொண்டால் என்ன செய்வது என்று.

வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனியில் இணையப் பாதுகாப்பு விழிப்புணர்வு வாரம் நடக்கும். ஆண்கள் மேடையில் பேசுவார்கள். பெண்கள் வாசலில் கோலம் போட வேண்டும். பூட்டுக் கோலம், சாவிக் கோலம், ‘உன் கடவுச்சொல் உன் உயிர்’ என்று கலர் பொடியில் எழுத்து. அக்கா பெரிய சிக்குக் கோலம் ஒன்று போட்டாள். பார்த்தவர்கள் எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். டீம் லீட் அதற்கு முதல் பரிசு என்றார். அவள் என்னை இழுத்துக் காதில் சொன்னாள், வலது பக்கம் மூன்றாவது புள்ளியைப் பார் என்று. கோடு அங்கே சேரவில்லை. வேண்டுமென்றே விட்டிருந்தாள். சிக்குக் கோலத்தில் கோடு மூடாமல் விடுவதாவது! ஓட்டை தேடியே சம்பளம் வாங்குகிற பன்னிரண்டு பேர் அதைச் சுற்றி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், ஒருவனுக்கும் தெரியவில்லை. அவளுக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். பரிசு வாங்க என்னைக் கூப்பிட்டார்கள். சீட்டில் என் பெயரை எழுதிவிட்டிருந்தாள்.

அப்படி என் பெயரைக் கொடுத்தவள்தான் என் பெயரை எடுத்தவளும்.

மேல்மாடியில் ஒரு இடம் காலியானது. பகல் ஷிப்ட் மட்டும். யார் வேண்டுமானாலும் கேட்கலாம், ஆனால் சொந்தமாக ஒரு ஓட்டையாவது கண்டுபிடித்து அது தன் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும் என்றார்கள். ஒரு பெண் மேலே போக அதுவரை திறந்த ஒரே கதவு அது. எனக்கு ராத்தூக்கம் போயிற்று. மதியச் சாப்பாட்டு நேரத்தில் சாப்பிடாமல் தேடினேன். ஐந்தாவது வாரம் கிடைத்தது. பல நாடுகளில் கிளை வைத்திருக்கும் ஒரு பல் மருத்துவமனைக் கம்பெனி எங்கள் வாடிக்கையாளர். அதன் இணையப் பக்கத்தில் ஒரு நோயாளியின் சீட்டைத் திறந்தால், மேலே முகவரியின் கடைசியில் ஒரு எண் இருக்கும். அந்த எண்ணில் ஒன்றைக் கூட்டினேன். அடுத்த நோயாளியின் சீட்டு திறந்தது. பெயர், வயது, போன் நம்பர், என்னென்ன வியாதி, என்னென்ன மாத்திரை, எல்லாம். இன்னும் ஒன்றைக் கூட்டினேன். இன்னொருவர். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

எழுதினேன். கீழே அ. செந்தாமரை என்று போட்டேன். எல்லா அறிக்கையும் அக்கா வழியாகத்தான் போக வேண்டும். அவளிடம் கொடுத்தேன். படித்துவிட்டு என் தலையில் கை வைத்தாள். “சூப்பர்டி” என்றாள்.

நாலு மணி நேரத்தில் அந்த ஓட்டை அடைக்கப்பட்டது. மறுநாள் மருத்துவமனைக் கம்பெனியிடமிருந்து வந்த கடிதத்தைப் படித்துக் காட்டி எல்லாரையும் கைதட்டச் சொன்னார்கள். அன்புள்ள திரு. கலியபெருமாள், இந்த ஆண்டில் எங்களுக்கு வந்த மிகச் சிறந்த அறிக்கை உங்களுடையது.

நான் அக்காவின் மேஜைக்குப் போனேன். என்ன பேசினேன் என்று முழுவதும் நினைவில்லை. மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் நின்றார்கள் என்பது நினைவிருக்கிறது. அவள் தலை குனியவில்லை.

“எத்தினி ஜனத்தோட வியாதி தொறந்து கெடந்திச்சி தெரியுமா? உம் பேர்ல போயிருந்தா, விஷயம் தெரிஞ்ச ஆளு பாக்கட்டும்னு ரெண்டு வாரம் போட்டு வெச்சிருப்பானுங்க. எனக்கு ஆயிருக்குதுடி. எவனாவது பூந்து அள்ளிக்கினு போயிருந்தா, அப்போ உம் பேர வெச்சி இன்னா பண்ணுவ?”

அவள் சொன்னது நடந்திருக்கக்கூடியது. இன்றுவரை எனக்கு ஆறாத இடம் அதுதான். அவள் பொய் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன்.

மேல்மாடி இடம் என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவனுக்குப் போனது. அவன் பெயரில் ஒரு ஓட்டை பதிவாகியிருந்தது. அதை எழுதியது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றிலிருந்து பஸ்ஸில் அக்காவுக்கு முன்னால் ஓடிப்போய் ஒற்றை சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு மாதம் கழித்து மருத்துவமனைக் கம்பெனி மறுபடி எழுதியது. கலியபெருமாளோடு முகம் பார்த்துப் பேச வேண்டும், வீடியோவில் வரச் சொல்லுங்கள், எங்கள் ஆட்களுக்கு அவர் விளக்க வேண்டும். கம்பெனியில் எல்லாருக்கும் வேர்த்துவிட்டது. கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் நான் அக்காவிடம் போய், நீங்களே உட்காருங்கள், நான் கலியபெருமாளின் மகள், எழுதியது நான்தான் என்று சொல்லிவிடுங்கள், இதுதான் சமயம் என்றேன். அப்போதுதான் அவள் முகத்தில் முதன்முதலாகப் பயத்தைப் பார்த்தேன்.

“ஏழு வருஷமா ஆம்பளன்னு நெனச்சிக்கினு இருந்தவன், இவ பொய் சொன்னவன்னு நெனைக்க மாட்டானா? பொய் சொன்னவள எவன்டி காவலுக்கு வெப்பான்?”

தப்பு நடந்தது ஒரு படிவத்தில். அவள் செய்ததெல்லாம் அதைத் திருத்தாமல் விட்டதுதான். ஆனால் ஏழு வருஷத்தில் அந்தத் தப்பு அவளுடையதாகிவிட்டது.

டீம் லீட் கோட்டு போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அக்கா கேமராவுக்குத் தெரியாமல் மேஜையின் இந்தப் பக்கம் ஒரு கீபோர்டோடு உட்கார்ந்தாள். அவர்கள் கேட்பதற்கு அவள் தட்டுவாள், அவர் திரையில் பார்த்துப் படிப்பார். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். கதவு சரியாக மூடவில்லை. ஒரு சொல்லை அவர் தப்பாகப் படித்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டு மறுபடி பெரிய எழுத்தில் தட்டினாள். கடினமான ஒரு கேள்விக்கு அவர் தடங்கலில்லாமல் பதில் படித்ததும் அவள் முகம் மலர்ந்தது, பிள்ளை மேடையில் பாட்டை மறக்காமல் பாடி முடித்தால் பெற்றவள் முகம் மலருமே, அப்படி. எண்ணை மாற்றிப் பார்க்கும் யோசனை எப்படி வந்தது என்று கேட்டார்கள். இதற்கு அவள் தட்டுவதற்குள் அவரே சொன்னார்: ஒருநாள் மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அப்போது தோன்றியது.

என் பசியைக் கூட அவர் எடுத்துக்கொண்டார்.

அந்த வாரமே டீம் லீட் ஹெச்.ஆரிடம் சொன்னார். வாடிக்கையாளர்களுக்கு இப்போது கலியபெருமாளின் முகம் தெரியும், முகம் ஒரு இடத்திலும் முகவரி ஒரு இடத்திலும் இருந்தால் குழப்பம் வரும். கலியபெருமாள் முகவரி அவர் கைக்குப் போனது. அக்காவுக்குப் புதிதாக ஒன்று கொடுத்தார்கள். அவளுடைய சொந்தப் பெயரில். ஏழு வருஷத்துக்கு முன்னால் நடந்த தப்பைத் திருத்திவிட்டதாக ஹெச்.ஆர். பெண்மணி பெருமையாகச் சொன்னாள், எங்களை எல்லாம் வாழ்த்தச் சொன்னாள். பெண்கள் தங்கள் அடையாளத்தோடு வேலை செய்ய வேண்டும் என்பதுதான் கம்பெனியின் கொள்கையாம்.

அக்கா கைகுலுக்கல்களை வாங்கிக்கொண்டு நின்றாள். “எங்கப்பன் பேரையும் புடுங்கிக்கினானுங்கடி” என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

புது முகவரியில் இருந்து அவள் எழுதியவற்றுக்குப் பதில் வரவில்லை, அல்லது டீம் லீடுக்கு வந்தது. வருஷ முடிவில் ஒவ்வொருவர் வேலையையும் எடை போட்டார்கள். அவள் பெயரைப் போட்டுத் தேடினால் ஏழு வருஷத்துக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா? தேவையில்லாத ஆட்கள் பட்டியலில் அவள் பெயர் வந்தது. அந்தக் கம்பெனியில் அவள் பெயர் எழுத்தில் வந்த முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும்.

அன்று பஸ்ஸில் வந்து என் பக்கத்தில் நின்றாள். கூட்டம் இல்லை. உட்கார இடம் இருந்தும் நின்றாள். அவள் எழுதியதைக் கண்ணால் பார்த்த ஒருவர் எழுதிக் கொடுத்தால் மறுபடி பார்ப்பதாக ஹெச்.ஆர். சொல்லியிருக்கிறதாம். மேல்மாடியில் ஒருவரும் வாய் திறக்கவில்லையாம்.

“நீ பாத்திருக்கியே செந்தாமர. ரெண்டு வரி எழுதிக் குடேன்.”

அவள் என்னை ‘டி’ போடாமல் கூப்பிட்டது அன்றுதான். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அன்றுதான். என் பெயர் அப்போதுதான் அவளுக்கு உபயோகப்பட்டது என்று தோன்றியது. ஒரு வருஷமாக வாயில் அடக்கி வைத்திருந்ததை எடுத்துச் சொன்னேன்.

“ஓட்ட எல்லாம் அடஞ்சிச்சில்லக்கா? யாரு பேர்ல அடஞ்சா இன்னா?”

அவள் என்னைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், அழுவாள் என்று நினைத்தேன். “ஞாயந்தான்” என்றாள். கரிக்கலாம்பாக்கம் வந்ததும் இறங்கினாள். மாதக் கடைசியில் வேலையை விட்டும் இறங்கிவிட்டாள். இப்போது திருக்கனூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆதார் திருத்தம், ரேஷன் அட்டைப் பெயர் திருத்தம் எல்லாம் பதிவு செய்து கொடுக்கிறாள் என்று கேள்வி. நான் போய்ப் பார்க்கவில்லை.

நான் சொன்னது அவளுக்குத் தகும் என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவள் என் பெயரை எடுத்தபோது ஊராரின் வியாதி விவரத்தைக் காப்பாற்றினாள். நான் அவளுக்கு ஒரு கையெழுத்தை மறுத்தபோது யாரைக் காப்பாற்றினேன்? அதை யோசிக்கும்போதெல்லாம் வேறு எதையாவது யோசிக்கப் பழகிக்கொண்டேன்.

அக்கா போன பிறகு அறிக்கைகள் தடுமாறின. இங்கிலீஷ் சரியில்லை, சோதனை சரியில்லை என்று வாடிக்கையாளர்கள் முணுமுணுத்தார்கள். போன வாரம் டீம் லீட் என்னைக் கூப்பிட்டார். “நல்லா எழுதுறம்மா நீ. இனிமே ரிப்போர்ட் எல்லாம் நீ பாத்துக்க. ஒன்னோட எடம் படிகிட்ட. அனுப்புறது மட்டும் கலியபெருமாள்ல இருந்து அனுப்பிடு, எனக்கு நேரமில்ல” என்றார். ஒரு சீட்டில் பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தார். சம்பளத்தில் கொஞ்சம் உயர்வும் உண்டு என்றார். கண்ணியமாகத்தான் பேசினார். யோசிக்க ஒரு நாள் தருவதாகவும் சொன்னார். எதை யோசிக்க வேண்டும் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

மாடிப்படிக்குக் கீழே போய் உட்கார்ந்தேன். கலியபெருமாளைத் திறந்தேன். ஏழு வருஷத்துக் கடிதங்களும் அப்படியே இருந்தன. ஒன்றையும் அவர் அழிக்கவில்லை, அவற்றில் என்ன இருக்கிறது என்று பார்த்திருந்தால்தானே. ஒவ்வொரு கடிதத்துக்கும் முன்னால் அவள் எழுதிப் பார்த்த வரைவுகள். எந்த நாள், எந்த நேரம், எந்த மேஜையின் கம்ப்யூட்டர் என்பது உட்பட. டீம் லீட் லீவில் இருந்த நாட்களில் எழுதியவையும் இருந்தன. என் அறிக்கையும் இருந்தது. முதல் வரைவில் கீழே அ. செந்தாமரை என்று அவள் விட்டு வைத்திருக்கிறாள். இரண்டாவதிலும் விட்டிருக்கிறாள். மூன்றாவதில்தான் எடுத்திருக்கிறாள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவில் முக்கால் மணி நேரம். அவள் எதையும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் யோசிக்கிறவள் கிடையாது.

இரண்டு நாள் எல்லாவற்றையும் படித்தேன். நேற்று மதியம் மூன்று மணிக்கு, அதே முகவரியில் இருந்து, மருத்துவமனைக் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். கலியபெருமாள் என்பவர் கரும்பு வெட்டும் தொழிலாளி, பல வருஷங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். உங்களுக்கு வந்த அறிக்கைகளை எழுதியவர் அவருடைய மகள். எண்ணை மாற்றிப் பார்த்தது நான். வீடியோவில் நீங்கள் பார்த்தவர் எங்கள் இரண்டு பேரில் யாரும் இல்லை. வரைவுகள் இதே முகவரியில், தேதியோடு இருக்கின்றன, எங்கள் கம்பெனியிடம் கேட்டுச் சரி பாருங்கள். அக்காவின் பெயரை இனிஷியலோடு எழுதினேன். அதற்குக் கீழே என் பெயரை இனிஷியலோடு எழுதினேன். ஹெச்.ஆருக்கு ஒரு நகல், டீம் லீடுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று.

அவளைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாள். என்னைக் கேட்காமல் என் பெயரை எடுத்தவளுக்கு, அவளைக் கேட்காமல் அவள் பெயரைப் போட்டுவிட்டேன். இது பழிக்குப் பழியா, பரிகாரமா என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

இன்று காலை வழக்கம்போல ஏம்பலத்தில் பஸ் ஏறினேன். இப்போது மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். மேலே மீட்டிங் நடக்கிறது. நானே ராஜினாமா செய்துவிடுவது எனக்கு நல்லது என்று ஹெச்.ஆர். பெண்மணி இரண்டு முறை இறங்கி வந்து சொல்லிவிட்டாள். மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். என்னை வேலையை விட்டு அனுப்புவதென்றால் காரணத்தை எழுதி, எழுதியவர் பெயரையும் கீழே போட்டுக் கொடுங்கள் என்று எழுத்திலேயே கேட்டு அனுப்பிவிட்டேன்.